காரணம்: மரக்கிளை

1. முதல் நாள்

சங்கராபுரத்தில் டிஷ் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் நாளே முதலாளி செல்வராசு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். டிஷ்ஷைத் திருப்பி சிக்னல் வந்ததும் கிளம்பக் கூடாது. பத்து நிமிஷம் படம் ஓட வேண்டும். கட்டம் கட்டமாக உடையக் கூடாது. அதற்குப் பிறகு கம்ப்ளெய்ண்ட் ஷீட்டில் கோளாறுக்குக் காரணம் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

"படம் நிக்குதான்னு பாரு. படத்துல இன்னா ஓடுதுன்னு பாக்காத" என்றார்.

பதினாறு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

2. எனக்குப் பிடிக்காதது

டிவியில் ஒரு நிகழ்ச்சி. ஒரு வீட்டில் பதினைந்து பேரை விட்டுப் பூட்டிவிடுகிறார்கள். சுற்றிலும் கேமரா. வெங்காயம் யார் உரிப்பது என்று மூன்று நாள் சண்டை நடக்கிறது. அழுகிறவரிடம் கேமரா கிட்டே போகிறது. அழாதவரைக் கூப்பிட்டு ஏன் அழவில்லை என்று கேட்கிறார்கள். வாரம் ஒருவரை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்புகிறார்கள். வெளியே போகிறவர் எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போகிறார்.

இதைவிட நல்ல சண்டை தாலுகா ஆபீஸ் வரிசையில் பார்க்கலாம். நடுவில் விளம்பரமும் வராது.

போகிற வீட்டில் எல்லாம் இதைத்தான் சொல்வேன். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இதை மட்டும் பேசுவேன். என் வீட்டில் அந்த நிகழ்ச்சியை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மனைவியும் மருமகளும் வைக்கவில்லை.

3. லாரிக்காரர்

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா. மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். டிவியில் படம் உடைகிறது என்று போன் செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன்.

டிஷ்ஷுக்கு நேர் எதிரே கடுக்காய் மரம். புதுக் கிளை விட்டிருந்தது. கடுக்காய் விற்றுத்தான் அவர்களுக்கு நாலு காசு. மரத்தில் கை வைக்க முடியாது. டிஷ் கம்பத்தைப் பிடுங்கி ஆட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் நட வேண்டும். ஒரு மணி நேர வேலை. அன்றைக்குக் கடப்பாரை கொண்டு போகவில்லை. டிஷ்ஷை ஒரு விரல் திருப்பினேன். படம் வந்தது. பத்து நிமிஷம் உட்கார்ந்தேன்.

அந்த நிகழ்ச்சியின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து பேரில் ஒருவர் லாரி டிரைவர். சண்டை நடக்கிறபோது அவர் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பேச மாட்டேன் என்கிறார், உள்ளே எதையோ வைத்துக்கொண்டு நடிக்கிறார் என்று மற்றவர்கள் அவர்மேல் குற்றம் சொன்னார்கள். அவர் ஒரு தட்டைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேசாமல் இருப்பது ஒரு குற்றமா? பத்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. சிக்னல் மீட்டரைப் பார்க்கவே இல்லை. அந்த வாரம் அவரை அனுப்பவில்லை. நிம்மதியாக மலை இறங்கினேன்.

4. ஐந்து ஷீட்

மலையில் மத்தியானம் காற்று இருக்காது. சாயந்திரம் அடிக்கும். கிளை ஆடும், படம் போய்விடும். சின்னப்பொண்ணு திரும்ப போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போனேன். கடப்பாரை கொண்டு போகவில்லை.

கம்பத்தை மாற்றி நட்டுவிட்டால் எனக்கு அங்கே வேலை இல்லை. வைக்கக் கூடாது என்று சொன்ன வாயால் என் வீட்டில் வைக்கச் சொல்ல முடியாது.

ஐந்து ஞாயிறு போனேன். ஒரு விரல் திருப்புவேன், உட்காருவேன். அவர் அவித்த மரவள்ளிக் கிழங்கு வைப்பார். ஐந்து ஷீட்டிலும் காரணம் என்ற இடத்தில் மரக்கிளை என்று எழுதினேன். பொய் இல்லை.

கோயிந்தன் ஞாயிற்றுக்கிழமைகூட மலை ஏறுகிறான் என்று முதலாளி என்னைப் பற்றிக் கடையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாராம்.

5. கடப்பாரை

ஆறாவது ஞாயிறு. லாரிக்காரர் இருப்பாரா போவாரா என்பது அன்றைக்கு. கிழங்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்டது. முதலாளி. ஒரே வீட்டுக்கு ஐந்து ஷீட் எப்படி என்று பார்க்க வந்திருக்கிறார். வண்டியில் கடப்பாரை கட்டியிருந்தது.

மரத்தைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். என் தட்டைப் பார்த்தார்.

சின்னப்பொண்ணு தானாகவே சொன்னார். "இவுரு குந்திகினு இருக்கிற வரிக்கும் படம் நல்லாதான் தெரியுது. இவுரு போனா அதுவும் போயிடுது."

"எந்திரி" என்றார் முதலாளி.

கம்பத்தை மாற்ற ஒயரைக் கழற்ற வேண்டும். டிவியில் வெளியே போகிறவர் பேரைச் சொல்லப் போகிறேன், சொல்லப் போகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளியும் ஒரு நொடி டிவியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"கயட்டு."

கழற்றினேன். குழி தோண்டி, கம்பம் நட்டு, கல் போட்டு இறுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாயந்திரக் காற்று வந்தது, கிளை ஆடியது, படம் அசையவில்லை.

6. கையெழுத்து

முதலாளி புது ஷீட் நீட்டினார். காரணத்தை உண்மையாக எழுது என்றார். மெக்கானிக் படம் பார்த்தார் என்று எழுதினேன். இனி சின்னப்பொண்ணு கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார். "போட்டா இன்னா ஆவும்?"

"கம்பெனிக்கு அனுப்புவேன். இவன் வேலை போவும்."

இந்த வயதில் எங்கே போய் என்ன வேலை கேட்பது என்று நின்றேன்.

சின்னப்பொண்ணு என்னிடம் திரும்பினார். "எனக்கு சாயந்திரத்துல ஒரே ஒரு சீரியலு. நம்ம டிவி உடையுதேன்னு அஞ்சு வாரமா ஓரகத்தி வூட்டுல போயி பாத்துகினு இருக்கேன். அவ உள்ள கூப்புடல. வாசப்படியில குந்தவச்சா. நடுவுல நடுவுல, உங்க வூட்டு டிவி இன்னா ஆச்சின்னு சிரிக்கிறா. தெரியுமா அண்ணே உனக்கு?"

தெரியாது என்றேன்.

"நீ அஞ்சு சனிக்கெயம சாயந்திரம் வா. என் வூட்டு வாசப்படியில குந்து. என் சீரியல பாரு. கெயங்கு கெடயாது."

பேனாவை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலாளி ஷீட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் சங்கராபுரம் டீக்கடையில் தெரிந்தது. லாரிக்காரரை அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து சனிக்கிழமை போனேன். படியில் உட்கார்ந்தேன். அந்த சீரியலில் ஒரு மாமியார் மருமகள் குடிக்கிற பாலில் எதையோ கலந்தார். கலந்த டம்ளரை மூன்று வாரம் யாரும் குடிக்கவில்லை. கேவலம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

புதிதாக வருகிற மெக்கானிக்குகளுக்கு ஒன்று. கண்டதைப் பார்ப்பதில் தப்பில்லை. எல்லாரும் ஏதோ ஒன்றைப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் பாருங்கள். பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பாருங்கள். சொல்ல வெட்கப்பட்டால் அதற்கு வேறு யாரோ ஒருவர்தான் படியில் உட்கார வேண்டி வரும்.

ஆறாவது சனிக்கிழமை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. டம்ளரை யாராவது குடித்தார்களா என்று தெரிய வேண்டியிருந்தது. போனேன். படியில் உட்காரப் போனேன்.

சின்னப்பொண்ணு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ள வந்து குந்து அண்ணே. வெளிச்சம் மறைக்குது" என்றார்.