தரகருக்குக் கிடைக்காத எண்

கல்யாணத் தரகர் ஒருவருக்குத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை அவருடைய கைப்பேசியை வைத்தே சொல்லிவிடலாம். ஆனால் தலைகீழாகச் சொல்ல வேண்டும். யார் அவரை ஓயாமல் கூப்பிடுகிறார்களோ, அந்த வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் பறக்கிறது என்று பொருள். யார் அவரை பிளாக் செய்துவிட்டார்களோ, அவர்கள் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஒரு சம்பந்தம் முடிவாகும்போது இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் சொல்லாததெல்லாம் தரகருக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளையின் நிஜ வயது, பெண்ணுக்கு முன்பு பேசி முறிந்துபோன இடம், மேனேஜர் என்று சொன்ன வேலை மேனேஜர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலிதான் என்பது, எல்லாம். கல்யாணம் நல்லபடியாக அமைந்துவிட்டால், இவ்வளவும் தெரிந்த ஒரு ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடமாடுவது யாருக்குப் பிடிக்கும்? முதலில் போனை எடுக்க மாட்டார்கள். பிறகு போனே போகாது. கல்யாணம் கெட்டுப்போனால் மட்டும், திட்டுவதற்காகவாவது, தரகரை யாரும் மறப்பதில்லை.

நம் தரகர் இதைக் குறையாக எடுத்துக்கொண்டவர் அல்ல. "பிளாக் பண்ணிட்டானா, அப்ப ஜோடி நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று டீக்கடையில் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். யார் யாரை பிளாக் செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலும் கைதேர்ந்தவர். அழைத்தால் மணி பாதி அடித்து அடங்கிவிடும். பிறகு ஒரு பெண்குரல், வாடிக்கையாளர் வேறு அழைப்பில் இருப்பதாகப் பொய் சொல்லும். செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கும். நேற்றுவரை மாலையும் கழுத்துமாக இருந்த படம் போய் அங்கே ஒரு சாம்பல் நிறத் தலை உட்கார்ந்திருக்கும். இதில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் அவசரப்பட மாட்டார். சார்ஜ் இல்லாத போனும் ஒற்றை டிக்தான் காட்டும் என்பார். மூன்றும் சேர்ந்தால் தீர்ப்பு சொல்லிவிடுவார். கடைத்தெருவில் யாருக்காவது காதலி, கடன்காரன், கூடப்பிறந்தவன் மேல் இந்தச் சந்தேகம் வந்தால் போனை அவரிடம்தான் நீட்டுவார்கள். அவர் ஒருமுறை அழைத்துக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுப்பார். "விடுப்பா, வேற வேலையப் பாரு" என்றால் சந்தேகம் உறுதி.

அவருக்கு ஒரே மகள். ஊருக்கெல்லாம் பார்க்கிறவன் என் பெண்ணுக்கு வேறொரு தரகனைத் தேடிப் போவதா என்று அவரே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பையன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன், சிடுசிடுப்பில்லாதவன், சொந்தத்தில் இரண்டு அறை வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம். அன்றிலிருந்து அந்த மகள் அவருடைய தொழிலுக்கு விளம்பரப் பலகையும் ஆனாள். பெண் வீட்டார் தயங்குகிற நேரம் பார்த்து, "என் பொண்ணுக்கே நான்தானே பாத்தேன், வேணும்னா கேளுங்க" என்று அவளை அழைத்து ஸ்பீக்கரில் போடுவார். "அம்மாடி, நல்லா இருக்கியா?" என்பார். "நல்லா இருக்கேன்ப்பா" என்பாள் அவள். அவ்வளவுதான், வைத்துவிடுவார். அவளைப் பற்றி வேறொன்றும் கேட்டதில்லை. அந்தப் பக்கம் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முதல் சில தடவை அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அதே குரலில் அதையேதான் சொன்னாள். அது மகளுடைய பெருந்தன்மை. அப்பா அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொண்டார்.

அப்படி ஒரு வீட்டில்தான் விஷயம் உடைந்தது. பெண்ணின் அப்பா அரைமனதாக இருந்தார். அம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தரகர் வழக்கம்போல் போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, டீப்பாயின் நடுவில் வைத்தார். மணி பாதி அடித்து அடங்கியது. பெண்குரல் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி அழைத்தார். மறுபடி அதே பாதி மணி, அதே குரல்.

"இந்தப் பக்கம் டவர் சரியில்ல போல" என்றார்.

எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண், அவர்மேல் இரக்கப்பட்டவள்போல, மெதுவாகச் சொன்னாள்: "டவர் இல்ல அங்கிள். உங்கள பிளாக் பண்ணிருக்காங்க."

அவளுடைய அம்மா அவளை அதட்டினாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். தரகர் சிரிப்பு மாறாமல் டீயைக் குடித்து முடித்தார்.

மற்றவர்கள் போனில் ஒரு நிமிஷத்தில் தீர்ப்பு சொல்கிறவருக்குத் தன் போனில் தீர்ப்புச் சொல்ல ஒரு வாரம் போதவில்லை. ஒற்றை டிக்கைப் பார்த்துவிட்டு, போனைத் தண்ணீரில் போட்டிருப்பாள் என்றார். சாம்பல் தலையைப் பார்த்துவிட்டு, கண்ணேறு படும் என்று படத்தை எடுத்திருப்பாள் என்றார். சட்டைப்பையில் இன்னொரு போன் இருந்தது. பிளாக் செய்த வாடிக்கைக்காரர்களிடம் பாக்கி கேட்பதற்கென்றே வாங்கிய எண். அதிலிருந்து ஒரு தடவை அழைத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் அவர் அழைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது அவருக்கு ஆறுதலான ஒரு எண்ணம் தோன்றியது. இது மாப்பிள்ளையின் வேலை. அவன்தான் அவள் போனைப் பிடுங்கி இப்படிச் செய்திருக்கிறான். பெண்ணைப் பெற்ற வீட்டோடு பேச விடாமல் அடக்கி வைத்திருக்கிறான். நினைக்க நினைக்க மனசு லேசாகிக்கொண்டே வந்தது. தங்கம், தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த மாப்பிள்ளை ஒரு கொடுமைக்காரனாக இருந்தால் தேவலை என்று, இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டி, அந்தத் தகப்பன் வேண்டிக்கொண்டு போனார். அவனை என்னென்ன கேட்கலாம் என்றுகூட வரிசைப்படுத்திவிட்டார். உறுமல் ஒன்றும் தயாராக இருந்தது.

மாப்பிள்ளையின் எண்ணுக்கு அழைத்தார். முழு மணி அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க மாமா. சாப்டீங்களா?"

தரகர் தயார் செய்து வைத்திருந்த உறுமலுக்கு அங்கே இடமே இல்லை. என் பெண் எங்கே, அவள் எண்ணுக்கு ஏன் போன் போகவில்லை என்று கேட்டார். பின்னால் யாரோ ஒரு கிழவர் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கடைக்கு வெளியே வந்தான். வந்து எல்லாவற்றையும் மரியாதையாகச் சொன்னான்.

அவனுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதலாவது நாலைந்து மாதம்கூட நிற்காமல், இரண்டு பேரும் பேசிப் பிரிந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்பே டீக்கடையில் வைத்து இதைத் தரகரிடம் சொன்னவன் அவன்தான். அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னான். "நீங்க சொன்னா தப்பாப் போயிடும் மாப்ள. நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்று தடுத்தவர் தரகர். பக்குவம் வரும் வரும் என்று வைத்திருந்து, கடைசியில் சொல்லவே இல்லை. அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டுவது, வயதில் மூன்று குறைப்பது என்கிற வரிசையில் இதையும் ஒன்றாக வைத்துவிட்டார், அவ்வளவுதான். மகளே வாடிக்கைப் பார்ட்டிகளில் ஒருத்தி ஆகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை, "முதல் சம்சாரத்தவிட நீ நல்ல கலர்" என்று அவளிடமே பாராட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவள் புருஷனைப் பிடித்தாள். அவன் திகைத்துப்போய், "உங்கப்பா சொல்லலயா?" என்றிருக்கிறான்.

"எனக்கு உங்கமேல கோவம் இல்ல மாமா" என்றான் மாப்பிள்ளை. "பிளாக்க எடுத்து விடுன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறா."

திட்டியிருந்தால் தரகர் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தான்.

மனைவியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறாளே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை. கொஞ்ச நாளாக அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்கு அடிக்கடி போனாள். இரண்டு பேர் உடுத்துகிற துணி அத்தனை தடவை காயாது. அதையும் அவர் கவனிக்கவில்லை. அடுத்த வீட்டுக் குடும்பத்தை வாசலில் கிடக்கிற செருப்பை வைத்தே எடைபோடுகிறவர், தன் வீட்டு மாடிப்படியை அண்ணாந்து பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, சமையல் மேடையில் அவளுடைய போன் அடித்தது. திரையில் 'பாப்பா' என்று வந்தது. மணி முழுசாக, திரும்பத் திரும்ப, ஒரு குறையுமில்லாமல் அடித்தது. தரகர் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அம்மா, ஸ்கேன் பாத்துட்டு இப்பதான் வெளிய வரோம். வளர்ச்சி நல்லா இருக்காம். பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தரகர் கிளம்பியாச்சா? சத்தமாப் பேசலாமா?"

தாத்தாவாகப் போகிறோம் என்பது முதலில் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் முதலில் இறங்கியது 'தரகர்' என்ற வார்த்தை. ஊரே கூப்பிடுகிற பெயர்தான். வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை.

"அம்மா?" என்றாள் மகள்.

"நான்தாம்மா" என்றார்.

அவள் வைத்துவிடவில்லை. முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களை ஒரே மூச்சில் பேசிப் பந்தலில் உட்காரவைக்கிற வாய் அவருக்கு. அப்போதும் கைக்குக் கிடைத்த பழைய சரக்கையே எடுத்தார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க? அப்பா உனக்குக் கெடுதலா பண்ணிட்டேன்?"

"இதுக்குத்தான்ப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க மறைச்சதக்கூட விட்டுடலாம். நாங்க நல்லா இருக்கறத உங்க கணக்குல சேத்துக்குவீங்க. போற வீட்லல்லாம் சொல்லுவீங்க. அவர் நல்லவரா இருந்தது உங்க சாமர்த்தியம் இல்லப்பா. என் அதிர்ஷ்டம். வேற மாதிரி ஆளா இருந்திருந்தா?"

அவரிடம் கேள்வி ஒன்றுதான் இருந்தது. தொழில் தெரிந்தவர் கேட்கக் கூடாத கேள்வி அது.

"பிளாக்க எப்பம்மா எடுத்து விடுவ?"

"தெரியலப்பா" என்றாள். அம்மா வந்தால் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மனைவி தலையில் துண்டோடு வந்தாள். அவர் கையிலிருந்த போனையும் அவர் முகத்தையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. சொல்லக் கூடாதென்று மகள் சத்தியம் வாங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னாள்.

"எங்கிட்டயே மறைச்சிட்டியே" என்றார் தரகர்.

"முப்பது வருஷமா உங்ககூட இருக்கேன்ல" என்றாள் அவள். போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று துணிவாளியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று மாலை ஒரு பையன் வீட்டில் பேச்சு. தரகர் வேறு சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். மகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுப்பதில்லை என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். வீட்டு முன்னறையில் புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது. பையனின் அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் பார்த்துவைத்த இடங்கள் எல்லாம் எப்படி இருக்கின்றன, யாரையாவது விசாரிக்கலாமா என்று இழுத்தாள்.

தரகர் தரையைப் பார்த்தார். வேறு நாலைந்து குடும்பங்களைச் சொல்லியிருக்கலாம். நல்லபடியாக இருக்கிறவர்கள் ஒருவரும் அவர் போனை எடுக்க மாட்டார்கள்.

"என் பொண்ணுக்கே நான்தாம்மா பாத்தேன்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்ப முழுகாம இருக்கா."

அந்தச் செய்தியை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாளின் முகம் இளகிவிட்டது. நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடடே. எத்தன மாசம்?"

தரகருக்குத் தெரியாது.

"அஞ்சு" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

அந்த அம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, மழைக்கு முன்னாலேயே பிறந்துவிடும் என்றாள். தரகர் ஆமாம் என்று தலையாட்டினார்.