மரியாதைப் பன்மை

எண்பதுகளில் செஞ்சிக் கோட்டையடியில் நான் வேலை பார்த்த பள்ளியில் தண்ணீர் ஊற்ற ஓர் அம்மாள் வருவார். ஒடிசலான உடம்பு. குடம் சுமந்து சுமந்து ஒரு பக்கம் சாய்ந்த நடை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட “வாங்க, குடிங்க” என்பார். மரியாதைக்கு அவரைத்தான் வகுப்பில் உதாரணம் காட்டுவேன்.

அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். ஒருநாள் பண்ணையார் வீட்டுப் பையனை அவள் “வாடா” என்று கூப்பிட, அவன் அழுதுகொண்டே வந்து சொன்னான். மற்ற பையன்களையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்போதெல்லாம் எனக்கு உறுத்தியதில்லை. அன்று அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

“உனக்கிருக்கிற மரியாதையில பாதியாவது பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?”

அவர் குடத்தை இறக்கி வைத்தார்.

“சின்ன வயசுல அந்தப் பண்ணையார் வூட்டுப் புள்ளையப் பேர் சொல்லிக் கூப்ட்டுட்டேன்னு எங்க நைனா என்னைப் புளியம் விளாறால அடிச்சாரு டீச்சர். அந்த வூட்டுக்காரங்க நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. அன்னிக்கு வந்த மரியாதைங்க இது. எம் பொண்ணுக்கு எப்படிங்க சொல்லிக் குடுக்கறது?”

“வரேங்க” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகும் வருடா வருடம் மரியாதைப் பன்மைப் பாடம் நடத்தினேன். அவரை ஒருநாளாவது ‘நீங்க’ என்று கூப்பிட்டேனா என்பது, அவர் வேலையை விட்டு நின்ற பிறகுதான் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டதில்லை.