முதலில் படுத்தவன்

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஓயாமல் பேசுகிறேனே, வீட்டில் நான் எப்படி என்று நினைக்கிறீர்கள்? நாலு பேர் கூடினால் நாற்காலி எடுத்துப் போடுவேன். பேச மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டேன்.

பேத்திக்கு முப்பதாம் நாள். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டில்தான் தொட்டில் போடுகிற சடங்கு. முதலில் பிள்ளைக்கு மரக்கட்டில் வாங்கத்தான் ஈப்போ டவுனுக்குப் போனோம். கடையில் இருந்த கட்டிலின் சட்டங்களுக்கு நடுவே என் முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. பிள்ளையின் தலை மாட்டிக்கொண்டால்? வேண்டாம் என்று திரும்பிவிட்டோம்.

அப்புறம் லூமுட்டிலிருந்து மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுபவர். சாரோங் துணியைக் கட்டித் தொங்கவிடுகிற ஸ்பிரிங் தொட்டில் கொண்டுவந்தார். நல்ல புது ஸ்பிரிங். ஆனால், எதில் மாட்டுவது?

தோட்டத்து லயத்து வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் விட்டம் தெரியும். கயிற்றைப் போட்டால் தொட்டில் ரெடி. இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் சீலிங் பலகை எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. பலகைகள் சேருமிடத்தில் அழகுக்கு ஒரு வெள்ளைச் சட்டம் அடித்திருப்பார்கள் அல்லவா... லயத்தில் வளர்ந்த மச்சான் அதை விட்டம் என்று நினைத்து, அதிலேயே கொக்கியைத் திருகிவிட்டார்.

எனக்குச் சந்தேகம். துடைப்பக் கட்டையால் தட்டினேன். வெற்றுச் சத்தம்.

“மச்சான், இது...” என்று இழுத்தேன்.

“பயப்படாத மாப்ள. எருமக் கன்னே தூங்கும்லா.”

கூடம் நிறைய ஆட்கள். துடைப்பத்தைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினேன்.

எங்கள் வழக்கப்படி புதுத் தொட்டிலில் முதலில் பிள்ளையைப் போட மாட்டோம். அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, அதைத்தான் கிடத்துவோம். கனமாக இருக்கிறதே, பிளாஸ்டிக் பொம்மை போதும் என்றாள் மனைவி. மச்சானும் தலையாட்டினார்.

“கல்லுதான் வேணும்.”

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான். காது சுட்டது. ஆனாலும் பின்பக்கம் போய்க் குழவியைத் தூக்கி வந்தேன். தொட்டிலுக்கு நேர்கீழே ஒரு மெத்தையையும் விரித்தேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

குழவிக்குப் பொட்டு வைத்துக் கிடத்தியதும் மச்சான் பெருமையாக ஓர் ஆட்டு ஆட்டினார். இரண்டாவது ஆட்டில் — சடக்! கொக்கி, சட்டம், ஸ்பிரிங், சாரோங், குழவி எல்லாம் மெத்தைமேல்.

பேத்தி என் மகளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு ஏணி கேட்டார். சீலிங்குக்கு மேலே ஏறி, நிஜமான விட்டத்தைத் தேடிப்பிடித்து, அதில் தடித்த கயிற்றைச் சுற்றிக் கீழே இறக்கினார். இறங்கும்போது தலையெல்லாம் ஒட்டடை. கயிற்றைப் பிடித்துத் தானே தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. “இன்னொருக்கா கல்லப் போடு மாப்ள” என்றார். போட்டோம். ஆட்டினோம். அதன் பிறகுதான் பேத்தி.

தொட்டில் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்க்கிறார்கள், சாரோங்கில் பூ பார்க்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

சாயங்காலம் மச்சான் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பின்பக்கம் குழவி இருந்த திசையில் கண்ணைக் காட்டிச் சொன்னார்:

“சின்னவளப் பாத்துக்க மாப்ள... பெரியவனையும்.”