சுருங்காத மண்

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில் நடந்தது இது. நான் சென்னையில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரும் ஒரு பாடம். அட்டைகளில் துளை போட்டு புரோகிராம் கொடுத்தால், மறுநாள் விடை அச்சாகி வரும். அந்த அகலத் தாளைக் கையில் பிடித்தாலே எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

அப்போது அப்பாவுக்கு ஃப்யூஸ் கட்டை ஆர்டர் ஒன்று வந்திருந்தது. ஒரு கட்டைக்கு நீளம், அகலம், துளை என்று மொத்தம் பன்னிரண்டு அளவு. முதலில் செய்து அனுப்புகிற மாதிரிக் கட்டைகள் சரியாக இருந்தால்தான் ஆர்டர் நிலைக்கும். வேறு வேலையே இல்லாமல் சூளை ஆறிக் கிடந்த நேரம் அது. மண் வெந்தால் சுருங்கும் இல்லையா? அதனால் கட்டையின் அளவோடு எட்டில் ஒரு பங்கு கூட்டி அச்சு செய்வார்கள். "கையால எதுக்குப்பா, மெஷின்ல போட்டுத் தரேன்" என்று அளவுகளை வீறாப்பாக வாங்கிப் போனேன்.

விடைத்தாளோடு வந்து இறங்கியதும் அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் பட்டறைக்கே கொண்டு வந்தார்.

அங்கே அச்சு வேலை பார்த்தவள் என்னோடு எட்டாவது வரை படித்தவள். அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவைக் கரைக்க உட்கார்ந்தவள், தாளில் முதல் அளவைப் பார்த்தாள். ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பியிருந்த கட்டையை எடுத்து ஸ்கேலை வைத்தாள். பிறகு அப்பாவிடம், "மொதலாளி, மாவு கட்டி கட்டியா இருக்குது. சலிச்சிட்டு வந்து கரைக்கிறேங்க" என்றாள். சல்லடையோடு என்னையும் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"ஏண்டி, மெட்ராஸ்ல மண்ணு சுருங்காதா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கேலை என்னிடம் கொடுத்தாள். கட்டையும் தாளும் ஒரே அளவு! பன்னிரண்டும் அப்படியே.

அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் முழு எண் ஒரு வகை, தசம எண் வேறு வகை. ஒன்றையும் எட்டையும் புள்ளி வைக்காமல் எழுதினால் இரண்டையும் முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். வகுத்து வரும் விடையிலும் பின்னத்தை வெட்டிப் போட்டுவிடும். எட்டில் ஒன்று பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன கூடும்? இந்த வகுத்தல் கேள்விக்கே பரீட்சையில் முழு மார்க் வாங்கிய மகராசி நான்.

"அழுவாத. இன்னும் கரைக்கவே இல்ல, ஒண்ணும் கெட்டுப் போவல. நான் சலிக்கறதுக்குள்ள கையால போட்டுடு" என்றாள்.

போட்டேன். போட்டதும் அப்பாவிடம் போனேன். வேண்டாம் என்று அவள் கண் காட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"அப்ப மெசினு தப்பா போட்டுடுச்சா?"

"இல்லப்பா, நான்தான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். "மாவு சலிச்சாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மாதிரிகள் சரியாக வந்தன, ஆர்டரும் நிலைத்தது.

பிறகு பல வருஷம் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன். யார் புரோகிராமிலாவது தப்பைப் பார்த்தால், நாலு பேர் முன்னால் வாய் திறக்காமல் தனியாகக் கூப்பிட்டுக் காட்டுகிற புத்தி எனக்கு எந்த வகுப்பிலும் படித்து வந்ததல்ல, அது எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அவள் போட்ட பிச்சை.