பிலோ அக்கா போடாத கையெழுத்து

பிலோமினா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, கம்பெனியின் காலைக் கூட்டத்தில் இருந்தபோது என் கைப்பேசிக்கு வந்தது. மாரடைப்பு. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மேனேஜர் நிமிர்ந்து, "எந்த பிலோமினா?" என்று கேட்டார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் மாதா கோயிலிலும் அவரை அறிந்த உங்களுக்கு, அவர் எங்கள் கம்பெனியில் என்ன செய்தார் என்பது முழுதாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மலேசியாவின் ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்த திடலில், ஆள் ஏற்றிப் பறக்கும் மின்சார வான்டாக்சி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அவர் பேட்டரிப் பிரிவு, நான் பரிசோதனைப் பிரிவு. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் என்பதால் விளம்பரத் தாளில் அவர் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். "இவங்களுக்கு என் மூஞ்சி வேணும், என் பேச்சு வேணாம்," என்றார்.

விருந்தினர்களுக்குப் பறந்து காட்டவிருந்த காலையில், ஒரு பேட்டரி மட்டும் அதிகமாகச் சுட்டது. பக்கவாட்டில் லேசாக உப்பியும் இருந்தது. அக்கா பறக்க அனுமதித்துக் கையெழுத்துப் போட மறுத்தார்.

"அஞ்சு நிமிசம்தான் பறக்கும் லா, அக்கா," என்றார் மேனேஜர்.

"விழறதுக்கு அஞ்சு நிமிசம் வேணாம், சார்."

மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார். நான் போட்டேன். அப்போது என்னிடம் காரணங்கள் இருந்தன. இப்போது அவற்றை எழுதக் கூசுகிறது.

விமானி குணா தலைக்கவசத்தோடு வந்தபோது, விமானி இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார். "ஆளோடதான் பறக்கணும்னா என்னோட பறக்கட்டும். இல்லன்னா மணல் மூட்டைய ஏத்திட்டு கீழருந்து ரிமோட்டுல ஓட்டுங்க." விருந்தினர்களின் கார்கள் வாசலுக்கு வந்துவிட்டன. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அக்கா இறங்க, மணல் மூட்டைகளை ஏற்றினார்கள்.

வான்டாக்சி செம்பனை மரங்களுக்கு மேலே எழும்பியது. கைதட்டினார்கள். இருக்கைக்குப் பின்னாலிருந்து புகை வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மரங்களுக்கு நடுவே விழுந்து எரிந்தது. என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குணா, தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை.

திட்டமிட்ட சோதனை என்று கம்பெனி அறிக்கை விட்டது. அடுத்த வாரம், ஒழுங்கை மீறினார் என்று அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இன்று புது வான்டாக்சி பறக்கிறது. பேட்டரி சூடேறினால் அதுவே கிளம்ப மறுக்கும். அந்த ஏற்பாட்டை முதலில் எழுதிக் கொடுத்துக் கேட்டவர் அக்கா. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அடக்கத்துக்குக் குணா மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தார். நான் கை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை.

"அன்னிக்கு அந்தத் தாள்ல உங்க கையெழுத்தப் பார்த்தேன் அண்ணே," என்றார். அவ்வளவுதான்.

அக்காவுக்கு வேலை போன மறுமாதம் அவரைப் பார்க்க நான் போயிருந்தேன். ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ கெட்டவன் இல்ல தம்பி, பயந்தவன். ஆனா உள்ள உட்காரப் போறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். பிறகு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவருடைய சிரிப்பையும் கோயிலில் அவர் பாடிய குரலையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது இந்த வார்த்தைதான். நான் இன்னும் அதே கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.