டம்ளர் பிடித்த கை

ஆவூர் அடைக்கலம் ஐயாவுக்குத் தொண்ணூற்றைந்து வயது. காது நன்றாகக் கேட்கும், கையில் நடுக்கம் கிடையாது. முதியோர் பராமரிப்புப் பயிற்சி எடுத்த நான்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் பிறந்தது மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரர்கள் நாட்டைப் பிடித்தபின், தகப்பனையும் பதின்மூன்று வயது மகனையும் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிப்போனார்கள். தகப்பன் காலராவில் போய்விட்டார். மகன் சண்டை முடியும்வரை, காவல்காரர்களைக் குனிந்து வணங்கியும் அடி வாங்கியும் முகாமில் மண் சுமந்தார். பிறகு கப்பலேறி ஊர் வந்து, கடலை விதைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இதெல்லாம் என்னிடம் மட்டும் சொன்னது; வீட்டில் யார் கேட்டாலும், மலாயாவில் இருந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பேரன் மெல்வினுக்கு ஜப்பானில் வேலை. போன மாதம் சயோ என்ற பெண்ணைக் கூட்டிவந்தான். நாகசாகிக்காரி, கத்தோலிக்கப் பெண்தான். கல்யாணம் ஆவூர் கோவிலில். மாமனாருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, மெல்வினின் அம்மா ரீட்டா அவளை ஜப்பான் முறைப்படி வணங்கச் சொன்னாள். சயோ கைகளைத் தொடையோரம் வைத்து இடுப்பு வளையக் குனிந்தாள்.

ஐயா நாற்காலியை விட்டு எழுந்து, அவளைவிடத் தாழ்வாகக் குனிந்தார். நிமிரவில்லை.

"மாமா எம்புட்டு அழகா மரியாத பண்றாங்க பாருங்க" என்று ரீட்டா செல்போனில் படம் எடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அடி விழப்போவதுபோல அவர் கழுத்தை உள்ளே இழுத்திருந்தார். வேட்டி நனைந்திருந்தது. துண்டால் மறைத்து உள்ளே கூட்டிப்போனேன்.

துடைத்து வேட்டி மாற்றும்வரை முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்திருந்தார். மறுநாள் கோவிலுக்குப் புறப்படுமுன் மணமக்கள் நெற்றியில் அவர் கட்டைவிரலால் சிலுவை போட வேண்டும். அதற்காகத்தான் மெல்வின் கல்யாணத்தையே இங்கே வைத்திருந்தான்.

"என்னால முடியாது தாயி" என்றார். அந்தப் பெண் மேல் கோபமா என்று கேட்டேன்.

"அது என்ன பண்ணுச்சு? அது ஊருல குண்டு விழுந்துச்சுன்னு முகாமுக்குச் சேதி வந்தன்னைக்கு நாங்க கைதட்டிச் சிரிச்சோம். பச்சப் பிள்ளைக கருகினது பெறகுதான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும், அது விழலேன்னா நான் செத்துருப்பேன்னுதான் இன்னைக்கும் தோணுது. இந்தக் கையால எப்புடிப் போட?"

வலது கை விளங்கவில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். சொன்னேன். நம்பினார்கள். மறுநாள் சயோ முட்டிபோட்டு நெற்றியைக் காட்டினாள். மெல்வின் அவர் கையை எடுத்துத் தானே கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தான். ஐயா தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அவர்கள் திரும்பிப் போகும் நாள் காலை, நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். சயோ டீ நீட்டியிருக்கிறாள். ஐயா மறந்துபோய் வலது கையாலேயே டம்ளரை வாங்கிவிட்டார். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஐயா டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

கார் வந்துவிட்டது என்று மெல்வின் வாசலிலிருந்து கூப்பிட்டான். அவள் போனபின் டம்ளரை வாங்கப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது.