இரண்டும் படித்த எங்கள் மகேஸ்வரி

விருந்தாளிகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி பேசியிருக்கிறான். ஆபீஸில் போனை எடுத்த பிள்ளை குசினிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். எனக்கு விளங்கிவிட்டது. கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். வெந்ததும் எடுத்து, விருந்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவின் தட்டில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். மகேஸ்வரி இருந்திருந்தால் அந்த வரிசையில்தான் செய்யச் சொல்லியிருப்பாள். அவள் எனக்குத் தங்கச்சி. இந்த விருந்தினர் பங்களாவுக்கு மேனேஜர்.

இங்கே வந்து அவளோடு பழகிய உங்களுக்கு அவளை மேனேஜராகத்தான் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

ஏ.எல். சோதனை பாஸாகிப் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, கொழும்பில் ஹோட்டல் டிப்ளோமாவும் செய்வேன், பல்கலைக்கழகத்தில் சேராமல் வெளியிலிருந்தே வணிகப் பட்டச் சோதனையும் எழுதுவேன் என்று அவள் சொன்னாள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று படிப்பித்த டீச்சர்கூடச் சொன்னார். அப்பாவுக்கு ஹோட்டல் என்றாலே ஆகாது.

“ஏம்மா, பேனை புடிச்ச கையால எச்சிக் கோப்பை கழுவப் போறியா?”

“கழுவவும் தெரியணும்ப்பா. அந்தக் கோப்பை வாங்குனதுல லாபமா நட்டமான்னும் தெரியணும். ஒண்ண மட்டும் படிச்சா எவனாவது எனக்கு மேல உக்காந்துக்குவான்.”

அம்மாவின் கவலை வேறு. “ஹோட்டல்ல நின்ன புள்ளய எவன் கட்டுவான்?”

“வரட்டும்மா. உக்கார வச்சி டீ குடுப்போம். பிறகு பில்லும் குடுப்போம்.”

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் அவள் கொழும்புக்கு பஸ் ஏறினாள்.

கிழமை நாளில் ஹோட்டல் படிப்பு, சனி ஞாயிறில் பட்டப்படிப்பு. லீவுக்கு வந்தாலும் ஓய்வு கிடையாது. தட்டு ஏந்திப் பழக, ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தண்ணீர் நிரப்பி, சுளகில் அடுக்கி, ஒரு கையில் ஏந்திக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் மேடும் பள்ளமும் பார்த்து நடப்பாள். வாயில் வணிகச் சட்டம் ஓடும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை விருந்தாளியாக உட்கார வைப்பாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்லையா மாமா சும்மா இருக்க மாட்டார்.

“மகேசு, நம்ம லயத்துக்கு எத்தன ஸ்டார் குடுப்பாங்க?”

“மொதல்ல கக்கூஸ் கட்டட்டும் மாமா. பிறகு கேட்டுச் சொல்றேன்.”

இடையில் கணக்கீட்டுப் பாடத்தில் ஒரு தடவை விழுந்தாள். ஹோட்டல் பயிற்சியில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கிப் போய் எழுதிய சோதனை அது. “ஒண்ண விட்டுருடி” என்றேன். “விழுந்தது பாடத்துல அக்கா, மலையிலருந்து இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்ப எழுதினாள். இரண்டையும் முடித்தாள்.

நாட்டில் சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிய காலத்தில் வெளிநாட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோட்டத்தை நடத்திய கம்பெனி, தொரை குடியிருந்த பங்களாவை விருந்தினர் விடுதியாக்கியது. நேர்முகத்துக்குப் போனவளைப் பார்த்து, கொழும்புக் கம்பெனி அதிகாரியான சிங்கள மாத்தையா, “தட்டு தூக்க ஆள் இன்னைக்கு எடுக்கல, நங்கி” என்று சிங்களத்தில் தங்கச்சி போட்டுச் சொன்னாராம். “நான் மேனேஜர் வேலைக்கு வந்தேன், சேர்” என்றிருக்கிறாள். சோதிக்கிற மாதிரி ஒரு படுக்கை போடச் சொன்னார். போட்டாள். மழைக்காலத்தில் ஆள் வராவிட்டால் இதை எப்படி நடத்துவாய் என்று கேட்டார். அதையும் கணக்கோடு சொன்னாள். முதலில் வருகிற கூட்டத்தை வைத்துத்தான் முடிவு என்று வேலை கொடுத்தார். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வருவார்.

அவள் வேலைக்கு எடுத்தது எங்கள் லயத்துப் பிள்ளைகளை. ரப்பர் மரத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த என்னையும் குசினிக்கு எடுத்தாள். மாலையோடு முன்வாசலில் எப்படி நிற்பது, எப்படி ஆயுபோவன், வணக்கம் சொல்வது என்று எல்லாம் பழக்கினாள்.

அந்த நாளும் வந்தது. மாத்தையா வராந்தாவில் நின்றார். நாங்கள் புதுச் சேலையில் வரிசையாக நின்றோம். வளைவில் கார் சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் மாலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டோம். தொரை கார் வந்தால் லயத்து ஆள் முன்வாசலில் நிற்கக் கூடாது. அம்மா காலத்திலிருந்து காலில் ஊறிய பழக்கம். குசினிக்குள் போய் நின்ற பிறகுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். “ஐயோ, நாமதானே நிக்கணும்” என்று ஒரு பிள்ளை அழத் தொடங்கினாள்.

முன்வாசலில் மகேஸ்வரி தனியாக நின்றாள். மாத்தையாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “கோ, மே மினிஸ்ஸு?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எங்கே அந்த ஆட்கள் என்று கேட்டார்.

அவள் அவரைத் தாண்டிப் படியிறங்கினாள். விருந்தாளிகளைப் பார்த்து இங்கிலீஷில், “இந்த வீட்டில் வரவேற்பு குசினியில்தான், வாருங்கள்” என்று சொல்லி, நேரே எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அக்கா, ரொட்டி போடு. மத்தவங்க மாலயப் போடுங்க. சிரிச்சுக்கிட்டு” என்று தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

சுடச்சுட ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் பிளேன் டீயும் கொடுத்தோம். உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் கேட்டார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து மாவு தட்டிப் பார்த்தார். மாத்தையா கதவடியில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும் சேர், பிறகு பேசுவோம்” என்றாள் மகேஸ்வரி.

பேசவேண்டி வரவில்லை. போகும்போது அவர்கள் அந்தக் குசினியைத்தான் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். வேறு ஆள் வரவில்லை. இன்றைக்கும் எங்கள் வரவேற்பு குசினியில்தான். அன்று வேலை முடிந்ததும் எங்களை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “வரும்போது பயந்துட்டீங்க. போகும்போதாவது இந்தப் பக்கமாப் போங்க.” நாங்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கினோம்.

பிறகு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தலையணை உறை நேராக இல்லை என்று நர்ஸ் பிள்ளையோடு பகிடி பேசினாள். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை.

சாவுச் செய்தியை லயம் லயமாகக் கேதம் சொல்ல ஆள் புறப்பட்டபோது வழக்கப்படி, “முத்தையா மக மகேஸ்வரி தவறிட்டா” என்று சொல்லப் பார்த்தார். நான் மறித்தேன்.

“அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே. ஹோட்டல் டிப்ளோமாவும் வணிகப் பட்டமும் முடிச்ச, பங்களா மேனேஜர், முத்தையா மக மகேஸ்வரின்னு சொல்லுங்க.”

“நீளமா இருக்கேம்மா.”

“நீளமாத்தான் படிச்சா.”

அவர் ஒவ்வொரு லயத்திலும் அப்படியே சொல்லிக்கொண்டு போனார். ரப்பர் ஸ்டோர் பக்கத்திலும் சொன்னார், கணக்கப்பிள்ளை வீட்டு வாசலிலும் சொன்னார். கேட்டவர்கள் எழுந்து நின்றார்கள் என்று வந்து சொன்னார்.

அவளுடைய சேலையையும் கை மணிக்கூட்டையும் தம்பி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நீளமான பெயர் ஒன்றுதான். அஞ்சாம் வகுப்போடு நின்ற என் வாயில் முதலில் அது தடுக்கியது. இப்போது யார் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்கிறேன்.